ஊருக்கெல்லாம் ஒரே கிடாய்

பென் அஹ்மத் ஊரில் மற்ற நாட்களில் பூஷைபைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பேச என்ன இருக்கிறது? தன் மச்சானின் கறிக்கடையில் தோல் உரிப்பான், எலும்பு வெட்டுவான், தரை கழுவுவான். கறி வாங்க வரும் பெண்கள் அவன் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "உன் மச்சான் எங்கப்பா?" என்று கேட்பார்கள். எலும்பு போடுவது பூஷைப். தெருநாய் வாலாட்டுவது மச்சானுக்கு.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்துவிட்டால் கதையே வேறு. அன்றைக்கு எங்கள் தெருவுக்கு அவன்தான் சுல்தான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கத்திப்பை, பெரிய பாலம் ஒன்றைத் திறந்துவைக்கப் போகிற மந்திரி மாதிரி ஒரு நடை. அவன் நிழல் தெருமுனையில் விழுந்ததும் கதவெல்லாம் திறந்துகொள்ளும். மாடியில் நிற்கும் பெண்கள் குலவை போடுவார்கள். "முதல்ல எங்க வீட்டுக்கு!" "போன வருஷமும் உங்க வீடுதான்!" என்று பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பார்கள். கிடாய்கள் எல்லாம் மொட்டை மாடியில் நிற்கும். ஒவ்வொன்றாக ஏறி இறங்குவான். கிடாயின் காதில் அவன் ஏதோ ஓதினால் அது தானாகவே படுத்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு. அவன் சொல்வதெல்லாம் "பிஸ்மில்லாஹ், அல்லாஹு அக்பர்" மட்டும்தான். கிடாய் படுப்பது அவன் முழங்காலின் வேலை.

மத்தியானத்துக்குள் ஊரே புகையாகிவிடும். தலை பொசுக்கும் புகை, கொழுப்பில் சுற்றி ஈரல் சுடும் புகை. ஒரு வருடம் அந்தப் புகையில் விமானம் ஒன்று வழி தெரியாமல் எங்கள் ஊரை மூன்று தடவை சுற்றிவிட்டு ஸ்பெயினில் போய் இறங்கியதாம். சொன்னது பூஷைப்.

மறுநாள் பழையபடி தரை கழுவுவான். அந்த ஒரு நாளின் கெத்தை வைத்துக்கொண்டு மீதி வருடத்தை ஓட்டுகிற ஆள். மீசை முளைத்த காலத்திலிருந்து கத்தி எடுக்காத பெருநாள் அவன் வாழ்க்கையில் கிடையாது.

அப்படிப்பட்டவன் தலையில்தான் அந்த வருடம் இடி விழுந்தது.

அதற்கு முன்னால் வருடக்கணக்கில் வானம் எங்களோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தது. மழைத் தொழுகை நடத்தச் சொல்லி அரசர் உத்தரவு போட்டார். ஊரே ஜெல்லாபா அங்கியை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு மைதானத்துக்குப் போய்க் கையேந்தியது. கடைசியில் மழை பெய்தது, புல்லும் முளைத்தது, அதை மேயத்தான் ஆடு இல்லை. பஞ்சத்தில் பாதி செத்துப்போயிருந்தது. தீனி போட வழியில்லாமல் பாதியை விற்றுத் தீர்த்திருந்தார்கள். சந்தைக்கு வந்த கிடாய்கள் எலும்பெல்லாம் தெரிய நின்றன. மீட்டினால் வீணை மாதிரி சத்தம் வரும்.

பெருநாளுக்குக் கொஞ்ச நாள் முன்னால், காப்பிக்கடை டிவியில் வெள்ளை உடை போட்ட ஒரு மந்திரி வந்து அரசரின் கடிதத்தைப் படித்தார். இந்த வருடம் மக்கள் யாரும் குர்பானிக் கிடாய் அறுக்க வேண்டாம், மந்தை பெருகட்டும் என்றது கடிதம். நபியவர்கள் இரண்டு கிடாய் அறுத்தார்கள், ஒன்று தமக்காக, இன்னொன்று கொடுக்க முடியாத தம் மக்களுக்காக. அதே மாதிரி முஃமின்களின் தலைவர், நம்பிக்கை கொண்டவர்களுக்கெல்லாம் தலைவர் என்ற பொறுப்பில் நானும் இரண்டு அறுப்பேன், ஒன்று எனக்கும் என் வீட்டாருக்கும், ஒன்று உங்கள் எல்லாருக்கும் என்று முடிந்தது.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கடைக்காரன் கெண்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். கிளாஸ் நிறைந்து, தட்டு நிறைந்து, மேசை நிறைந்து, கீழே படுத்திருந்த பூனைக்கும் கொஞ்சம் புதினா தேநீர் கிடைத்தது.

"அரசர் எப்படிங்க நபி காட்டின வழிய, சுன்னத்த நிறுத்தலாம்?" என்று முதலில் வாயைத் திறந்தவன் பூஷைப். மார்க்கப் பற்றில் கேட்கவில்லை, வயிற்றெரிச்சலில் கேட்டான்.

மூலையில் உட்கார்ந்திருந்தார் எங்கள் பள்ளிவாசல் இமாம் ஃபகீ சி அல்லால். ஆள் ஒல்லி. காற்றடிக்கிற நாளில் ஜேபியில் கல் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பார்கள். "நிறுத்தலடா. தூக்கிக்கிட்டாரு" என்றார். "உன் தலையில இருந்த மூட்டைய எடுத்து அவரு தலையில வச்சுக்கிட்டாரு. வெறுந்தலையத் தடவிக்கிட்டு எதுக்கு அழுவுற?"

"அது மூட்டை இல்லீங்க ஃபகீ. என் தொப்பி!"

கடையே சிரித்தது. ஃபகீ சிரிக்கவில்லை.

"இங்க பாரு பூஷைப். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ஜுமுஆவும் மிம்பர் மேடையில நின்னு அவரு பேரச் சொல்லி துஆ கேக்கறேன். நீ கீழ உக்காந்து ஆமீன் சொல்றியா இல்லியா?"

"சொல்றேன். தூக்கத்துல."

"தூங்கிக்கிட்டு சொன்னாலும் ஆமீன் ஆமீன்தான். எங்க மார்க்கத்துக்கும் நீங்க பொறுப்பு, உலக வாழ்க்கைக்கும் நீங்க பொறுப்புன்னு நாம எல்லாரும் அவருக்குக் கை குடுத்திருக்கோம். மனுசன் அந்தப் பொறுப்ப எடுத்துக்க வரும்போது கைய உருவிக்கிட்டா எப்படி?"

பூஷைப் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். வீட்டுக்குப் போய் மனைவி தாமுவிடம் புலம்பினான். தாமுவின் நாக்கு அவன் கத்தியைவிடக் கூர்மை, தினமும் சாணை பிடிப்பாள்.

"ஏன்யா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? ராஜா ரெண்டு கிடா அறுக்கறாரு. நீ ரெண்டு வெங்காயம் அறுத்துக் குடு. நாடு தாங்கிக்கும்."

"உனக்கென்னடி தெரியும்? அந்த ஒரு நாள்தான் எனக்கு."

"எனக்கு அந்த ஒரு நாள்தான்யா புருஷனே இல்ல. விடிஞ்சா போற. ரத்தமும் கொழுப்புமா வந்து பொணம் மாதிரி விழற. கறிய மோந்து பாத்ததுமே குமட்டுதுங்கற. ஒரு பெருநாளாச்சும் என்கூட உக்காந்து தின்னுருக்கியா?"

அவன் காதில் அது ஏறவில்லை. ஒரே ஒரு கழுத்தாவது கிடைக்காதா என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

கிடைத்தது, ஊர்ப் பொது வெந்நீர்க் குளியல் கூடத்தில். ஆவி மண்டி, பக்கத்தில் கிடப்பது மனிதனா மூட்டையா என்றே தெரியாத இடம். பூஷைப் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மூட்டை பேசியது.

"பூஷைப்பா அது?"

தானிய வியாபாரி ஹாஜ் மாத்தி. எங்கள் தெருவிலேயே பெரிய வீடு, பெரிய கிடங்கு, பெரிய தொப்பை. அவர் கூடத்துக்குள் வந்தால் தொட்டித் தண்ணீர் தானாக ஒரு சாண் ஏறும்.

"கடிதம் வர்றதுக்கு முன்னாடியே கிடா வாங்கிட்டேன்டா. கொம்பு ஒவ்வொண்ணும் உன் தொடை தண்டி. என் அப்பன், அவனோட அப்பன், எவனும் பெருநாளன்னிக்கி ரத்தம் விடாம இருந்ததில்ல. கிடங்குல வச்சு, கதவ சாத்திக்கிட்டு, சத்தமில்லாம முடிச்சுடுவோம். வர்றியா?"

"தெரு முகத்தம் மூக்க வச்சுக்கிட்டு சுத்துவாரே ஹாஜ்?" முகத்தம் என்பவர் தெருவைக் கவனிக்க அரசாங்கம் வைத்த ஆள். அவர் மூக்கு அடுத்த தெருவின் குழம்பில் உப்பு கம்மி என்று சொல்லும்.

"நான் சுடமாட்டேன்டா, வேகவச்சுத்தான் திம்பேன். புகைன்னா ஊருக்குத் தெரியும், ஆவிய எவன் கண்டான்?"

பூஷைப் கூலி கேட்கவில்லை. தோல் யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. "வர்றேன்" என்றான். அந்த ஆவிக்குள்ளேயே அவன் முதுகு நிமிர்ந்தது. தான் இல்லாமல் ஒரு பெருநாள் நடந்துவிடும் என்ற பயம் போயிற்று.

பெருநாள் காலை. ஊருக்கு வெளியே மைதானத்தில் தொழுகை. முழங்காலளவு புல்லில் வெள்ளை ஜெல்லாபாக்களாக வரிசை வரிசையாக நின்றோம். மற்ற வருடங்களில் தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்ததும், பின்னால் புலி துரத்துகிற மாதிரி எல்லாரும் வீட்டுக்கு ஓடுவார்கள். அன்று யாரும் ஓடவில்லை. ஊர் ஆண்கள் மொத்தப் பேருக்கும் செய்ய ஒரு வேலையும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தோழன் மாதிரி மெதுவாக நடந்து வந்தார்கள்.

ஜெல்லாபாவுக்குள் துண்டில் சுற்றிய கத்தியோடு பூஷைப் ஹாஜ் வீட்டைப் பார்த்து நடந்தான். வழியில் காப்பிக்கடை. கடைக்காரன் டிவியைத் தூக்கித் தெருவிலேயே மேசை போட்டு வைத்திருந்தான். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் என்று தெரு மொத்தமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

"வாடா சுல்தானே! இன்னிக்கி உனக்கு லீவு!" என்று நாலு பேர் அவன் கையைப் பிடித்து இழுத்தார்கள். "உக்காந்து அரசரோட கையப் பாரு. பாத்துட்டு மார்க்கு போடு!"

முடியாது என்றால் ஏன் என்பார்கள். கத்தி குத்தாத மாதிரி பக்குவமாக உட்கார்ந்தான்.

முன் வரிசையில், இரண்டு பெண்பிள்ளைகளை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு ஃபத்னா இருந்தாள். புருஷன் செத்துப்போனவள். சந்தையில் மடிப்பு ரொட்டி சுட்டு விற்பாள். அவள் மாடியிலும் பெருநாள்தோறும் புகை வரும். தம்பி ஊரிலிருந்து கிடாய் அனுப்புகிறான் என்றுதான் தெருவில் எல்லாருக்கும் நினைப்பு. பூஷைபுக்கு மட்டும் தெரியும். எல்லா வீட்டுக் கிடாயையும் அறுக்கிறவன் அவன். அவள் வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. பக்கத்து மாடியில் நின்றபோது பார்த்திருக்கிறான். ஃபத்னாவும் பிள்ளைகளும் கரி அடுப்பில் பழைய ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைப் போட்டுப் பொசுக்கிக்கொண்டிருப்பார்கள், புகை தெருவுக்குத் தெரிய. விமானத்தை ஸ்பெயினுக்கு அனுப்பிய வாய், இந்த ஒரு சங்கதியை மட்டும் தாமுவிடம்கூடச் சொன்னதில்லை.

டிவியில் தலைநகர் ரபாத்தின் பெருநாள் தொழுகை முடிந்தது. முதல் கிடாயைக் கொண்டுவந்தார்கள். அரசர் கத்தியை வாங்கினார். அறுத்தார். தெரு "அல்லாஹு அக்பர்" என்றது.

"எப்படி?" என்று பக்கத்திலிருந்தவன் பூஷைபை இடித்தான்.

"பரவால்ல. நம்ம கடையில வேலைக்கு வச்சுக்கலாம்" என்றான் பூஷைப். சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டாவது கிடாய் வந்தது.

"இது நமக்கு" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

யாரும் சொல்லாமலேயே தெரு எழுந்து நின்றது. நாற்காலி உரசுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பூஷைபும் எழுந்தான். அந்தக் கையையும் கத்தியையும் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் மனசு தொழில்காரன் கணக்குப் போட்டது. ஒரு கிடாய் ஒரு குடும்பத்துக்கு. பெரிய குடும்பமென்றால் தொடைக்கறிக்குச் சண்டை வரும். இந்தக் கிடாய் யார் யாருக்கு? தாஞ்ஜா துறைமுகத்தில் கப்பல் பார்த்து நிற்கிறவனுக்கு. மலைமேல் பனியில் குந்தியிருக்கிறவனுக்கு. பாலைவனத்தில் ஒட்டகத்துக்குப் பின்னால் நடக்கிறவனுக்கு. ஜெயிலில் இருக்கிறவனுக்கும், அவனைப் பூட்டிவைத்துக் காவல் நிற்கிறவனுக்கும். நேற்றுப் பிறந்த குழந்தைக்கு. ஃபகீக்கு, தாமுவுக்கு, ஹாஜ் மாத்திக்கு, அவனுக்கு. ஒருத்தர் வாய்க்கும் ஒரு துணுக்குக் கறி போகாது. ஒருத்தருக்கும் குறையவும் குறையாது. இத்தனை வருடமாக இத்தனை கழுத்தை அறுத்தவன், இவ்வளவு பெரிய கிடாயை அன்றுதான் பார்த்தான்.

கத்தி இறங்கியது. 

ஃபத்னா பிள்ளைகளின் நெற்றியில் முத்தம் வைத்தாள். பிறகு திரும்பி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "நம்ம வீட்டுக் கிடா அறுத்தாச்சு! எல்லாருக்கும் பெருநாள் முபாரக்!" என்றாள். பெண்கள் குலவை போட்டார்கள். அவள் பூஷைபைப் பார்த்தாள். "என்னண்ணே, இந்த வருஷம் எங்க வீட்டுக்குத் தலைவரே வந்துட்டுப் போயிட்டாரு. உனக்கு மனவருத்தம் ஒண்ணுமில்லியே?"

 பூஷைப் கண்ணை எடுத்து மேலே பார்த்தான். எந்த மாடியிலும் புகை இல்லை. அவள் மாடியிலும் இல்லை. கழுவிக் கவிழ்த்த நீலத் தட்டு மாதிரி வானம். பெருநாளன்று அவன் ஊருக்கு வானம் உண்டு என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சொன்ன சொல்லுக்காக ஹாஜ் வீட்டுக்குப் போனான். கிடங்குக் கதவு ஒருக்களித்திருந்தது. பார்லி மூட்டைகளுக்கு நடுவே கிடாய் கட்டியிருந்தது. ஹாஜ் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே கொம்பு தொடை தண்டி.

"ஏன்டா இவ்ளோ நேரம்? சீக்கிரம் ஆகட்டும்."

"இது அறுத்தாச்சு ஹாஜ்."

"எவன்டா அறுத்தது? முழுசா நின்னு முழிக்குதே!"

"ரபாத்துல அறுத்துட்டாங்க. இப்பதான் பாத்துட்டு வர்றேன். உங்களுக்கும் சேத்துத்தான். ஒரே குர்பானிய ரெண்டு தடவ அறுக்கற வித்த எனக்குத் தெரியாது."

"எனக்கு அந்தப் பங்கு வேணாம்டா! என் கிடா எனக்கு!"

"வேணாம்னு சொல்லாதீங்க ஹாஜ். எல்லாரும் அதுக்குள்ள இருக்கோம். நீங்க மட்டும் வெளில நின்னு என்ன பண்ணப் போறீங்க?"

"பயந்தாங்கொள்ளி! முகத்தத்துக்கு பயந்துட்ட!"

"முகத்தம் மூக்குல மூக்குப்பொடி போட்டுட்டுப் போயிருவேன், அதுவா பெருசு? இது வேற, ஹாஜ். இங்க பாருங்க." பூஷைப் கத்தியை எடுத்து, சுற்றிய துண்டைப் பிரிக்காமலேயே காட்டினான்.  அறுக்க ஆரம்பித்த நாளிலிருந்து எந்தப் பெருநாளும் துண்டுக்குள் கிடக்காத கத்தி. "இன்னிக்கி இதவச்சு அறுத்தா கிடாவும் பாவம், நானும் பாவம்."

ஹாஜுக்குக் கோபம் தலைக்கேறியது. "குடுடா கத்திய. நானே அறுக்கறேன்!" தர்பூசணி நறுக்கவே ஆள் கூப்பிடுகிறவர். கத்தியை பூஷைப் கொடுக்கவில்லை. ஹாஜ் விடவில்லை, கிடாயைக் கீழே தள்ளலாம் என்று கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்துக் கொம்பைப் பிடித்தார். கிடாய் ஹாஜை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தது. தலையை லேசாகத்தான் அசைத்தது. ஹாஜ் பறந்துபோய்ப் பார்லி மாவு மூட்டைக்குள் உட்கார்ந்தார். கிடாய் நிதானமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கியது.

தெருவில் எல்லாரும் இன்னும் அங்கேயேதான் இருந்தார்கள். எல்லாத் தலையும் திரும்பியது.

தொழுகை முடிந்த பெருநாளன்று, உச்சி வெயிலில், உயிரோடு நடந்து வருகிற கிடாயை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. எண்பது வயது ஆட்களும் பார்த்ததில்லை. தெரு நடுவில், தன் கல்யாணத்துக்குத் தானே வருகிற மாப்பிள்ளை மாதிரி அது வந்தது. எல்லாரும் வழி விட்டார்கள். டிவியை வைத்த மேசையைக்கூட யாரோ நகர்த்தினார்கள். ஃபகீ சி அல்லால் தன்னையறியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பின்னால் வாசலில், தலை முதல் கால் வரை வெள்ளையாக ஹாஜ் மாத்தி நின்றார். மாவுக்குள் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. பக்கத்தில் பூஷைப்.

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் முகத்தம் காதுக்குப் போகும். 

"என்ன ஹாஜ்," என்றான் காப்பிக்கடைக்காரன், "உங்க வீட்டு விருந்தாளி பெருநாள் வாழ்த்து சொல்ல வந்திருக்காரா?"

ஹாஜ் பூஷைபைப் பார்த்தார். பூஷைபின் கை ஜெல்லாபாவுக்குள் இருந்தது. கத்தியை இன்னும் உள்ளே தள்ளினான்.

"ஆமாம்பா," என்றார் ஹாஜ், மாவு தும்மலோடு. "உள்ள ஒரே புழுக்கம். கொஞ்சம் காத்து வாங்க வந்துச்சு."

தெரு சிரித்த சிரிப்பில் கூரைப் புறாவெல்லாம் கஸபிளாங்கா வரைக்கும் பறந்துபோயிற்று. அது கேலிச் சிரிப்பில்லை. ஹாஜும் அதில் சேர்ந்துகொண்டார்.

கிடாய் திரும்பி நேராக பூஷைபிடம் வந்தது. கையை மோந்து பார்த்தது. தொழும் திசையான கிப்லா பக்கம் திருப்பிப் படுக்கவைக்க மட்டுமே அவன் அதுவரை ஆட்டுத்தலையைத் தொட்டிருக்கிறான். அன்று எப்படித் தொடுவது என்று தெரியவில்லை. கொம்புக்குப் பின்னால் மெதுவாகச் சொறிந்துவிட்டான். கிடாய் கண்ணை மூடிக்கொண்டு அவன் காலில் சாய்ந்தது. சுமை தூக்குகிறவன் மாதிரி கால்களை அகட்டி நின்றான். அவ்வளவு கனம்.

"இப்ப என்னடா பண்றது?" என்று ஹாஜ் காதோரம் கேட்டார்.

"மேய விடுங்க ஹாஜ்."

கழுத்தில் தொங்கிய கயிற்றை ஹாஜ் கையிலேயே கொடுத்தான். கிடாய் முன்னால், ஹாஜ் பின்னால், அவருக்குப் பின்னால் தெரு முழுக்க. ஃபத்னாவின் பிள்ளைகள் கொம்புக்கு ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். தாமு வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு கூடையில் ரொட்டியும் தேநீர்க் கெண்டியும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். "நட, நட. என்னைக்குமில்லாம புருஷன்கூட ஊர்வலம் போறேன்" என்று பூஷைபை இடித்தாள்.

மைதானத்தில் கிடாயை அவிழ்த்துவிட்டார்கள். காலையில் ஊரே நெற்றி பதித்த புல். அங்கங்கே நெற்றியும் முட்டியும் பட்டு இன்னும் அமுங்கியே இருந்தது. கிடாய் தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தது. நாங்கள் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். புல் கடிபடும் சத்தம் எல்லார் காதுக்கும் கேட்டது. தாமு ரொட்டியைப் பிய்த்து பூஷைப் கையில் வைத்தாள். அவன் தின்றான். இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினான்.

ரொம்ப நேரம் கழித்து ஹாஜ் மட்டும், புருவத்து மாவைத் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தான் தின்னுது" என்றார்.